ரிப்பன் வெட்டும்வரை

யாரும் கால் வைக்காத தரையை ஆயாம்மா அன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள். பினாயில் விட்டு ஒருமுறை, வெறும் தண்ணீர் விட்டு ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. கதவுகளில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. குழாய்களில் கடையிலிருந்து சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. திறப்பு விழாவன்று காலையில் உரித்தால் போதும் என்று உத்தரவு. அழுக்கே படாத இடத்தில் என்னத்தைத் துடைப்பது என்று முதல் வாரம் கேட்டுப் பார்த்தாள். தூசி படியுமில்லையா என்று பதில் வந்தது. படிந்ததுதான். ஆள் புழங்காத வீட்டில்தான் தூசி அதிகம்.

துடைத்து முடித்து வெளியே வந்து கதவைப் பூட்டினாள். வாசலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனில் தலை படாமல் குனிந்து வந்தாள். கதவுக்கு மேலே கல்வெட்டை ஒரு மஞ்சள் துணி மூடியிருந்தது. சாவி கயிற்றோடு கழுத்துக்குப் போனது. எதிர் வராந்தாவில் பெண் பிள்ளைகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஆயாம்மாவைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்கள். அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பி நடந்தாள்.

நாற்பதைக்கூடத் தொடாதவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெருக்கிக் கழுவுகிறவள் எந்த வயதிலும் ஆயாம்மாதான்.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் நூறு வயது. அதற்காகப் பழைய மாணவர் சங்கம் கூடி, பெண்களுக்குப் புதுக் கழிப்பறை கட்டித் தருவதாக முடிவு செய்தது. கோடை விடுமுறையில் பழையதை இடித்தார்கள். தகரக் கதவும் ஒழுகும் கூரையுமாக, கிட்டத்தில் போனால் கண் எரியும் இடம் அது. நாறினாலும் இருந்தது. புதியதை மளமளவென்று எழுப்பினார்கள். சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிந்த கட்டடம் இந்தப் பள்ளிக்கூடத்தின் நூறு வருஷத்தில் இது ஒன்றுதான் என்று வாசலில் இருந்த வாட்ச்மேன் எல்லாரிடமும் சொன்னார்.

முடிந்தது முடிந்ததுதான். திறக்க ஆள் வேண்டும். இங்கே படித்து இப்போது தலைநகரத்தில் பெரிய பதவியில் இருக்கிறவர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. பள்ளி திறக்கும் நாளன்றே வருவதாக இருந்தது, வெளிநாடு போய்விட்டார். அடுத்த தேதிக்கு முதுகுவலி. அதற்கடுத்த தேதிக்குக் காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலில் அலங்காரத் துணி கட்டினார்கள், அவிழ்த்தார்கள். ரிப்பனை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதுவரை பூட்டியே இருக்கட்டும் என்றார் சங்கச் செயலாளர். ஹார்ட்வேர் கடைக்காரர், கணக்குத் தெரிந்தவர். இத்தனை பிள்ளைகள் ஒரு நாள் போய்வந்தால் போதும், அப்புறம் அவரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கூட்டிப் போக வேண்டும் என்றார். அவர் மனம் குளிர்ந்தால் அடுத்தது ஆய்வுக்கூடம் கட்டித் தருவார். தலைமையாசிரியையால் அதைத் தட்ட முடியவில்லை. போன மழையில் ஆய்வுக்கூடத்தின் கூரை பெயர்ந்து மேசைமேல் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். இன்னும் ஒரு வாரம்தான், இன்னும் ஒரு வாரம்தான் என்று அவர் காலைக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பையன்களுக்கு மதில் சுவர் இருந்தது. பக்கத்தில் வீடு உள்ள பெண்கள் மதியம் ஓடிப்போய்விட்டு ஓடி வந்தார்கள். ஆசிரியைகளின் அறையில் ஒன்று இருந்தது. அவசரம் என்றால் கேட்டுக்கொண்டு போகலாம். கேட்டால் கிடைக்கும் பார்வைக்குப் பயந்து யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. மற்றவர்கள் அடக்கினார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கரும்பலகையில் எழுதியிருந்த பொன்மொழியைப் பார்த்து, "பூமி வேணாம், பாத்ரூம் போதும்" என்று ஒருத்தி சொல்ல, பத்தாம் வகுப்பே சிரித்தது. சிரிக்கக்கூடப் பயமாக இருந்தது அவர்களுக்கு. சிரித்தால் அடக்க முடியாது.

அந்த வகுப்பில்தான் ஆயாம்மாவின் மகளும் இருந்தாள். கையும் காலும் குச்சியாக இருப்பதால் குருவி என்று பெயர். வீடு இரண்டு பஸ் தூரம். அப்பா வேலை தேடிப் போன ஊரிலேயே இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டதால், அம்மாவும் பெண்ணும் ஒன்றாகவே வருவார்கள், ஒன்றாகவே போவார்கள்.

பள்ளி திறந்த முதல் நாளே மகளுக்கு ஆயாம்மா வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். காலையில் பாதி டம்ளருக்கு மேல் குடிக்காதே, பள்ளிக்கூடத்தில் பாட்டிலைத் திறக்காதே, வீட்டுக்கு வந்து வேண்டியமட்டும் குடி. குருவி அப்படியே செய்தாள். சாயங்காலம் பஸ்ஸில் நெரிசலாக இருக்கும். மகளின் பையை அவள் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்ளும்போது, பக்கத்துச் சிறு பையில் செருகிய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்த கனத்தோடு இடுப்பில் இடிக்கும். சமத்துப் பெண் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளுக்குச் சாவியைக் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டர் மூலம் வருகிற ஆள். இன்றைக்கு வேண்டாம் என்றால் இன்றைக்கே இல்லை. விழா முடிந்ததும் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். "வர்றவரே ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் குறுக்க நிக்க மாட்டாங்கம்மா. அதுவரைக்கும் அந்த இடத்தைக் கண்ணும் கருத்துமா பாத்துக்கோ." அன்றிலிருந்து கழுத்துக் கயிறு நழுவுகிறதா என்று அவள் தூக்கத்திலும் தொட்டுப் பார்த்தாள்.

வரலாறு வாத்தியார் நூற்றாண்டு மலருக்காகப் பள்ளியின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். தானிய மூட்டை அடுக்கும் கிடங்கில் ஆரம்பித்த பள்ளிக்கூடம், முதல் பெஞ்சு யார் வீட்டுக் கதவை அறுத்துச் செய்தது, மணி எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எழுதியதைப் பத்தாம் வகுப்பில் படித்துக் காட்டுவார். ஒருநாள், பெண்களை முதன்முதலில் சேர்த்த காலத்தைப் பற்றிப் படித்தார். அப்போது பெண்களுக்கு மதியம்வரைதான் வகுப்பாம். ஏன் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை, பெரிய புதிராக இருக்கிறது என்றார். பெண்கள் பக்கம் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தினார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து குருவி இதைச் சொன்னபோது ஆயாம்மாவும் சிரித்தாள். சொல்லிக்கொண்டே வந்த பெண் பாதியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும் பார்த்தாள். உடம்புச் சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சூடு இல்லை. நாலைந்து நாளில் குருவி ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள். கடுக்கிறது என்றாள். போய் வந்தவள் உடனே மறுபடியும் போக வேண்டும் என்றாள்.

விழாவுக்குப் புதுத் தேதி சொன்னார்கள். மைதானத்தில் வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை நடந்தது. அன்று மதியம் ஆயாம்மா கழிப்பறை வாசலில் நிற்க, சங்கச் செயலாளர் பழைய ரிப்பன் வெளுத்துவிட்டதென்று புது ரிப்பனைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாலும் ஒரே நீளமாகத் தொங்கும்படி பூப்போல முடிந்தார். அப்போது குருவி வந்தாள். முகம் வெளிறி, வெயிலில் நின்றும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசினாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவை."

ஆயாம்மா செயலாளரைப் பார்த்தாள். அவர் வாலின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியைகள் அறை ஒத்திகையால் பூட்டிக் கிடந்தது. கழுத்தில் சாவி கொதிப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு. அவர் போகட்டும்."

அவர் போகவில்லை. கல்வெட்டுத் துணியை இழுத்துப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஒத்திகைக்கு விசில் ஊதினார்கள். குருவி போய் முன்வரிசையில் நின்றாள். பாட்டின் மூன்றாவது அடியில், மொத்தப் பள்ளியும் பார்க்க, அவள் நின்ற இடத்தில் மண் நனைந்தது. பாட்டு நிற்கவில்லை, பாடிக்கொண்டிருந்த பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. பையன்கள் பக்கம் முதலில் ஒருவன் சிரித்தான். ஆயாம்மா ஓடிப்போய்த் தன் தோளில் கிடந்த துண்டை அவள் இடுப்பில் சுற்றினாள். மகள் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே, இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா என்று கேட்டார். நாளெல்லாம் அடக்கி வைத்தால் இப்படித்தான் ஆகும், இப்படியே விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும் என்றார். நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் உடனே போக வேண்டும். குருவி அம்மாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று சொல்ல ஆயாம்மா வாயைத் திறந்தாள். சொன்னால் எங்கே போய் எதில் முடியுமோ என்று பயந்தாள். "விளையாட்டுல மறந்துடறா டாக்டர்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

வீட்டில் குருவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"தினமும் அதைக் கழுவுறது நீதானே? யார் போனாலும் நீதானே கழுவப்போறே? அப்புறம் ஏம்மா?"

ஆயாம்மா மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் அவள் தலைமாட்டில் வைத்தாள்.

அடுத்த திங்களன்று அவள் திறந்தாள். ரிப்பன் வெட்ட வேண்டிய பெரியவர் அந்தத் தேதிக்கும் வரவில்லை. அடுத்த தேதி சொல்வார்கள் என்றார்கள். குனிந்து போகச் சொன்னால் கூட்டத்தில் ரிப்பன் அறுந்துவிடும். அதனால் ஒரு முனையை மட்டும் அவிழ்த்து ஜன்னல் கம்பியில் சுற்றி வைத்தாள். செயலாளர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வகுப்பு வகுப்பாக, செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னாள். முதல் நாள் ஆறாம் வகுப்புக் குட்டிகள் புதுக் குழாயைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்த சத்தத்தில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் அவர்களே விரலை வாயில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். எல்லாரும் போனதும் கழுவி, துடைத்து, காயவைத்து, ரிப்பனை இழுத்துக் கட்டினாள். அவ்வளவு பிள்ளைகளும் வீட்டில்கூட மூச்சுவிடவில்லை.

வாட்ச்மேனையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும். இங்க பூசாரி நீதான், கொடு" என்றார் அவர். செயலாளரின் கார் தெருமுனையில் தெரிந்தால் இல்லாத நாயை விரட்டுவது என்று ஏற்பாடு. "சூ! போ அந்தப் பக்கம்" என்று அவர் சத்தம் போடும்போதெல்லாம் உள்ளே கதவுகள் படபடவென்று திறக்கும். தலைமையாசிரியையின் அறை ஜன்னல் நேர் எதிரே இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து அந்த ஜன்னல் சாத்தியே கிடந்தது. வெயிலுக்குச் சாத்தியிருப்பார் என்று நினைத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்துதான் சாத்தினாரோ என்று நினைக்கவும் பயம்.

குருவி வந்தாள். முதல் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்காமல் வகுப்புக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் அவள் பையை வாங்கி மாட்டியபோது இடுப்பில் எதுவும் இடிக்கவில்லை. ஆயாம்மா பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். காலி. ஜன்னலோரம் நின்றிருந்த பெண்ணின் தலையை ஒருமுறை தடவிவிட்டாள். "என்னம்மா?" என்றாள் குருவி. ஒன்றுமில்லை என்றாள். அன்று பஸ்ஸில் நின்றே வந்தும் கால் வலிக்கவில்லை.

காட்டிக் கொடுத்தது தண்ணீர்தான். மரத்தடியில் குடிதண்ணீர்த் தொட்டி, வரிசையாகக் குழாய்கள். இத்தனை வாரமாகப் பெண்கள் எட்டியே பார்க்காத இடத்தில் இப்போது ஒவ்வொரு இடைவேளையிலும் பெண்கள் வரிசை. பாட்டில் நிரப்புகிறார்கள், கையில் பிடித்துக் குடிக்கிறார்கள், ஒருத்திமேல் ஒருத்தி தெளிக்கிறார்கள். சாயங்காலம்வரை வந்த தொட்டி மதியமே தீர்ந்தது. மோட்டார் போடுகிற அலுவலக உதவியாளர் இந்த அதிசயத்தைத் தலைமையாசிரியையிடம் முறையிட்டார். பக்கத்து நாற்காலியில் விழா வேலையாக வந்த செயலாளர் இருந்தார். கணக்குத் தெரிந்தவர். குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே எழுந்து நேராகக் கழிப்பறைக்கு நடந்தார்.

ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு குறையும் காண முடியவில்லை. தரை காய்ந்து மின்னியது. வெளியே வந்து ரிப்பனைப் பார்த்தார். ஒரு பக்கம் அவர் கட்டிய பூ முடிச்சு. இன்னொரு பக்கம், குப்பை மூட்டைக்கு வாய் கட்டும் முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, இறுக்கி இழுத்தது. தினமும் எத்தனையோ மூட்டை கட்டும் கை. அது வேறு மாதிரி கட்டத் தெரியாமல் கட்டியிருந்தது.

தலைமையாசிரியையின் அறையில் அவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். யார் சொல்லித் திறந்தாய் என்றார் செயலாளர். தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் அப்போதும் சாத்தியிருந்தது.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் திறந்தேன். கழுவித்தான் வெச்சிருக்கேன். எங்கயாவது ஒரு பொட்டு அழுக்கு இருந்தாக் காட்டுங்க."

"அழுக்கைப் பத்தி இல்லம்மா பேச்சு. அவர் வந்து திறக்கறதுக்கு முன்னாடியே திறந்துட்டே. இனி அவர் வந்து எதைத் திறப்பார்?"

கான்ட்ராக்டருக்குச் சொல்லி நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்வதாக அவர் முடித்துவிட்டார். தலைமையாசிரியை கையை நீட்டினார். ஆயாம்மா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிக் கொடுத்தாள். வாசல்வரை கூடவே வந்த தலைமையாசிரியை, குரலைத் தாழ்த்தி, பொண்ணுக்கு இப்போ எப்படி இருக்கு என்று கேட்டார். பரவாயில்லை டீச்சர் என்றாள். விழா முடியட்டும், அப்புறம் பேசிப் பார்க்கிறேன் என்றார் அவர்.

மறுநாளே தேதி உறுதியானது. இந்த முறை பெரியவர் வந்தேவிட்டார்.

விழாவன்று காலை குருவிக்குப் பாட்டிலை நிரப்பிக் கொடுக்கும்போது ஆயாம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். "மத்தியானம் ரிப்பன் வெட்டிடுவாங்க. அப்புறம் எல்லாருக்கும்தான். வெட்டினதும் முதல் வேலையா நல்லாத் தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டு வா. மாத்திரை இருக்கு, மறந்துடாதே." கழிப்பறை திறந்துவிடும். அது போதும். வேலையை வேறெங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பகலெல்லாம் இரண்டு ஜவுளிக்கடையிலும் ஒரு லாட்ஜிலும் வேலை கேட்டு அலைந்துவிட்டு, பெண்ணைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலுக்கு வந்தாள். உள்ளே விட உத்தரவில்லை என்று சொல்ல வாட்ச்மேனுக்கு மனம் வரவில்லை. தன் ஸ்டூலை எடுத்து மதிலுக்கு வெளியே போட்டு உட்காரச் சொன்னார். ஒலிபெருக்கியில் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். தானியக் கிடங்கு, கப்பல் மணி, கதவுப் பெஞ்சு எல்லாம் வந்தது. எங்கள் காலத்தில் இந்த வசதியெல்லாம் ஏது, இன்றைய பெண் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள் என்றார். கைதட்டல் மதிலைத் தாண்டி வந்தது.

வாட்ச்மேன் நடந்ததைச் சொன்னார். ரிப்பன் வெட்டினதும் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாராம். இவ்வளவு சுத்தமாக ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பார்த்ததே இல்லை என்று செயலாளரின் தோளைத் தட்டினாராம். ஆய்வுக்கூடத்துக்கும் தலையாட்டிவிட்டாராம்.

"அப்புறம்?" என்றாள் ஆயாம்மா.

"அப்புறம் என்ன. நல்ல பள்ளிக்கூடம்னு பரிசு கொடுக்க அடுத்த மாசம் ஆளுங்க பாக்க வர்றாங்களாம். அதுக்கும் பேர் கொடுத்திருக்காங்க." அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாவி செயலாளர் பாக்கெட்லதான் இருக்கு."

செயலாளரின் கார் வெளியே வந்தது. வாட்ச்மேனின் வாய் பழக்கதோஷத்தில் "சூ" என்று குவிந்தது. சட்டென்று மூடிக்கொண்டு சலாம் வைத்தார்.

நீளமாக மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். பெண்கள் சத்தமில்லாமல், வேகமாக, வீட்டுப் பக்கம் பார்த்து நடந்தார்கள். குருவி கடைசியில் வந்தாள். வரவேற்புப் பாட்டுக்காகத் தலையில் கட்டிவிட்ட துணிப்பூ சரிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றாள். ஆயாம்மா அவள் பையை வாங்கித் தோளில் மாட்டினாள்.

பாட்டில் கனமாக வந்து இடுப்பில் இடித்தது.